தோழர்களே, திட்டத்தில் இல்லாத தெருவுக்குப் பணம் வராது!

தென் புறநகர்த் தோழர்களே!

பல்லாவரம் முதல் கிளாம்பாக்கம் வரை, அனகாபுத்தூர் முதல் அகரம்தென் வரை, காலையில் வேலைக்கு ஓடி இரவில் களைத்துத் திரும்பும் எல்லோருக்கும் இந்த அழைப்பு. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிஃப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரப் போராடும் தங்கைகளே, கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவின் விளிம்பில் பாதி உடம்பு வெளியே தெரியப் பயணம் செய்யும் மாணவர்களே, தவணை கட்டிக்கொண்டே வண்டி ஓட்டும் ஆட்டோத் தோழர்களே, நெரிசலின் வசவையெல்லாம் வாங்கிக்கொள்ளும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, குடியிருப்போர் சங்கத்தில் வருடக்கணக்காக ஒரே புகாரை எழுதிச் சலித்த பெரியவர்களே, பேருந்து நிறுத்தம் வரை சக்கர நாற்காலியை உருட்டிவர வழியில்லாத தோழர்களே!

நமக்கு அவகாசம் குறைவு. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நம் பக்கத்தில் எந்தச் சாலை அகலமாகும், எங்கே டெப்போவுக்கு இடம் ஒதுக்குவார்கள், எந்த ஏரியா பேருந்தே காணாமல் கிடக்கும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் காகிதங்கள் இப்போது எழுதப்படுகின்றன. சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அதன் இடத்தில் வரப்போகும் மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. அதைத் தயாரிப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், சுருக்கமாக சி.எம்.டி.ஏ. இன்னொரு பக்கம் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் கும்டா, 25 ஆண்டுகளுக்கான போக்குவரத்துத் திட்டத்துக்குப் பொறுப்பு. இன்று சேலையூரில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை, படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்திருக்கும் வயது வரை இந்த இரண்டு காகிதங்களின் ஆட்சிதான்.

இந்தக் காகிதங்களில் நம் கைப்பட்ட எழுத்து ஒன்றாவது இருக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி.

பணம் வரும் வழி

"நிதி இல்லை" என்று அலுவலகத்தில் சொல்லித் திருப்பி அனுப்பும்போது நாம் நம்பிவிடுகிறோம். உண்மை வேறு. போக்குவரத்துக்கு நிதி தருகிறவர்கள் இன்று எல்லோருமே முதலில் திட்டத்தைக் கேட்கிறார்கள். பந்தியில் இலை போட்ட இடத்தில்தான் சோறு விழும். நம் வார்டுக்கு இலையே போடவில்லை. நாம் கரண்டி பிடித்தவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இது புது வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் 1962-இல் இயற்றிய நெடுஞ்சாலைச் சட்டம் 50 ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கும் நகர்ப்பகுதிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்தது: உள்ளூர் அரசுகளும் மாநிலமும் கூடி, தொடர்ந்து, முழுமையாகத் திட்டமிட்டால்தான் மத்திய நிதி. நம் நாட்டில் 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை நகர்த்துவதைவிட மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று அறிவித்தது. அந்தக் காலத்து ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் போக்குவரத்துக்குப் பணம் கேட்ட நகரங்கள் விரிவான போக்குவரத்துத் திட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தது. 2017-இன் மெட்ரோ ரயில் கொள்கை பிடியை இன்னும் இறுக்கியது. நகருக்கு விரிவான போக்குவரத்துத் திட்டம் வேண்டும். மெட்ரோவைவிடச் செலவு குறைந்த மாற்று உண்டா என்று ஆராய்ந்து காட்ட வேண்டும். எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கும் ஒரே குழுமம் வேண்டும். நிலத்தின் மதிப்பு உயர்வதில் ஒரு பங்கைத் திட்டத்துக்குத் திருப்பும் ஏற்பாடு வேண்டும்.

உலக வங்கியும் அப்படித்தான். சென்னை நகரக் கூட்டாண்மைத் திட்டத்துக்கு 2021-இல் அது ஒப்புதல் தந்த 15 கோடி டாலர் கடன், செய்து காட்டிய வேலையைப் பார்த்துப் பார்த்துத் தரும் கடன். 2025 ஜூனில் வியாசர்பாடியிலும் ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலும் கொடியசைத்து அனுப்பிய மின்சாரப் பேருந்துகள் இந்தக் கூட்டாண்மையின் வழியாக வந்தவை.

நிபந்தனை நம் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறது, தோழர்களே. 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியதே, நினைவிருக்கிறதா? 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை என்றார்கள். ஆம், உள்ளாட்சி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவிக்க வேண்டும் என்பது நிபந்தனைதான். ஆனால் அதே நிதிக்குழு, உள்ளாட்சிகள் தணிக்கை செய்த கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. நம்மிடம் வாங்கும் நிபந்தனையை வீடு தேடி வந்து சொன்னார்கள். நமக்குக் காட்ட வேண்டிய நிபந்தனையை யாராவது வந்து சொன்னார்களா? அந்த இரண்டாவது பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த அறைகூவலின் சாரம்.

பிரிந்து கிடக்கும் பொறுப்பு

நம் ஊரின் நிலையைப் பாருங்கள். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. 70 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படியே 7 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். இத்தனை பெரிய ஊருக்குப் பேருந்தை ஓட்டுவது யார்? மாநகரப் போக்குவரத்துக் கழகம். ரயில், தெற்கு ரயில்வே. பெரிய சாலைகள், நெடுஞ்சாலைத் துறை. கிளாம்பாக்கம் முனையம், சி.எம்.டி.ஏ. மெட்ரோ, அதற்கென ஒரு நிறுவனம். போக்குவரத்துப் போலீஸ், தாம்பரம் ஆணையரகம். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மாமன்றத்துக்கு மிஞ்சுவது உள்தெரு, தெருவிளக்கு, நிழற்குடை.

இது தற்செயலாக நடந்ததில்லை. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையைப் புரட்டுங்கள். உள்ளாட்சிக்கு உரிய பணிகளில் நகரத் திட்டமிடல் இருக்கிறது, சாலையும் பாலமும் இருக்கின்றன, பேருந்து நிறுத்தமும் இருக்கிறது. பேருந்து இல்லை! நிறுத்தம் நம்முடையது, அதில் வந்து நிற்க வேண்டிய வண்டி இன்னொருவருடையது. வெயிலில் நிற்கும் மனிதருக்கு இந்தப் பாகப்பிரிவினை எதற்கு?

இந்தப் பிளவைச் சரிசெய்யத்தான் கும்டா. அதற்கான சட்டம் 2010-இல் நிறைவேறியது. குழுமத்தின் முதல் கூட்டம் முதல்வர் தலைமையில் 2022 நவம்பரில்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் நம் ஏரிக்கரைகளெல்லாம் அடுக்குமாடிகளாயின. வீடு வந்தது, வாகனம் வந்தது, நடைபாதை மட்டும் வரவில்லை.

ஒருங்கிணைப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கமே சாட்சி. 88 ஏக்கரில், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய முனையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறப்பு விழா கண்டது. அன்று அங்கே ரயில் நிலையம் கிடையாது, மெட்ரோ கிடையாது. முனையத்தின் முன்னால் ஜி.எஸ்.டி. ரோடு, அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். கண்ணெதிரே ரயில் ஓடியது, ஏற முடியவில்லை. மூட்டை முடிச்சோடும் குழந்தையோடும் வந்தவர்கள் ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் அலைந்தார்கள். 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பேருந்து கிடைக்காத பயணிகள் அங்கே மறியலில் உட்கார்ந்தார்கள். கட்டடத்துக்குப் பணம் இருந்தது. பயணத்தை முழுமையாக யோசித்த திட்டம் இல்லை.

மெட்ரோவின் நிழலில்

இனி வரப்போவதைப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வழியாகக் கிளாம்பாக்கத்துக்கு சுமார் 15.5 கிலோமீட்டர் மெட்ரோ, 13 நிலையங்கள், மதிப்பீடு 9,335 கோடி ரூபாய். விரிவான திட்ட அறிக்கை 2025-இல் மாநில அரசின் கைக்குப் போயிற்று. வரட்டும், வேண்டும். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேலே தூண் எழுப்பினால் முடிச்சூர்க்காரருக்கு விடிவு வந்துவிடுமா? ராஜகீழ்ப்பாக்கத்து அக்கா நிலையத்துக்கு எதில் வருவார்?

2017-இன் கொள்கையில் நமக்கான ஆயுதம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மெட்ரோ நிலையத்துக்கும் குறைந்தது 5 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் மக்கள் வந்துசேர, இணைப்புப் பேருந்து, நடைபாதை, மிதிவண்டிப் பாதை போன்ற ஏற்பாடுகள் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்கிறது அது. தாம்பரம் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர் அளந்து பாருங்கள். முடிச்சூர், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கத்தின் பெரும்பகுதி, எல்லாமே உள்ளே வந்துவிடும். ஆகவே நாம் கேட்பது சலுகை ஆகாது. அவர்கள் எழுதிய விதியின்படி அவர்கள் காட்ட வேண்டிய பக்கங்களைக் கேட்கிறோம். பல்லாவரத்துக்கு எத்தனை இணைப்புப் பேருந்து, குரோம்பேட்டைக்கு எந்தத் தெருவில் நடைபாதை, பெருங்களத்தூரில் தண்டவாளத்தின் இருபுறத்தாருக்கும் என்ன வழி? அந்தப் பக்கங்களைத் தமிழில் அச்சிட்டு நம் முன் வைக்கட்டும்.

"நிபந்தனையெல்லாம் வெறும் சாக்கு, திட்டம் கொடுத்தும் கோவை, மதுரைக்கு மறுத்தார்களே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அந்த இரு நகரங்களின் மெட்ரோ அறிக்கைகளைத் திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பில் 20 லட்சம் மக்கள் இல்லை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக்ராவுக்கும் போபாலுக்கும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று தமிழ்நாடு திருப்பிக் கேட்டது. சென்னை மெட்ரோவின் 63,246 கோடி ரூபாய் இரண்டாம் கட்டத்துக்கே 2024 அக்டோபர் வரை ஒன்றிய அமைச்சரவை நம்மைக் காக்கவைத்தது. வேலையோ அதற்கு முன்பே, 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டித் தொடங்கியிருந்தது. விதியை வளைக்கும் அரசியல் இருக்கத்தான் செய்கிறது. அதனாலேயே விதியை வரிக்கு வரி அறிந்த மக்கள் வேண்டும். விதி தெரியாதவரிடம் "முடியாது" என்று சொல்வது சுலபம். தெரிந்தவரிடம் காரணத்தை எழுத்தில் தர வேண்டியிருக்கும். எழுத்தில் வந்த காரணத்தை மாமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் உடைக்க முடியும்.

நம் மண்ணில் விளையும் பணம்

டெல்லியும் உலக வங்கியும் ஒருபுறம் இருக்கட்டும். நம் தெருவிலேயே பணம் விளைகிறது. புதிதாக எழும்பும் ஒவ்வொரு பெரிய கட்டடமும் உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் செலுத்துகிறது. சாலையின் அகலத்தைப் பொறுத்துக் கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி வாங்கும் கட்டுநர், அதற்கென்று பிரீமியம் கட்டுகிறார். மெட்ரோ வருகிறது என்ற விளம்பரத்திலேயே ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபக்கமும் நில விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு உழைத்தது யார்? வரி கட்டிய மக்கள். லாபம் யார் பையில்? வீட்டு வாடகை ஏறி, இன்னும் உள்ளே, இன்னும் பேருந்து இல்லாத இடத்துக்குத் தள்ளப்படுவது யார்?

பாரிஸ் வட்டாரத்தில் 1971-லேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். தொழிலாளி போக்குவரத்தால் வேலைக்கு வந்துசேர்கிறார், அதன் பயன் முதலாளிக்கும்தானே என்று, நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் மீது போக்குவரத்துக்கென்றே ஒரு வரி விதித்தார்கள். பிறகு மற்ற பிரெஞ்சு நகரங்களுக்கும் அது பரவியது. பேருந்தின் செலவைப் பயணியின் டிக்கெட் ஒன்றே சுமக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. 2021 மே முதல் நம் பெண்கள் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசு கொடுக்காமல் போகிறார்களே, அதுவும் அதே நியாயம்தான். ஆனால் முடிச்சூரின் உள்பகுதியில் இருக்கும் பெண்ணுக்கு அந்த விடியல் பயணம் கைக்கு எட்ட வேண்டுமென்றால், முதலில் அங்கே பேருந்து வர வேண்டும்.

நம் கோரிக்கைகள்

ஒன்று. நடப்பவருக்கு முதல் பங்கு. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்குமான கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கு என்று எழுதிவைத்தது. தாம்பரம் மாமன்றமும் அப்படியொரு தீர்மானம் நிறைவேற்றட்டும். ஆண்டுதோறும் கணக்கையும் காட்டட்டும்.

இரண்டு. குறுக்கே ஓடும் பேருந்து. நம் பேருந்தும் ரயிலும் வடக்கு தெற்காகவே ஓடுகின்றன. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்த நாளிலிருந்து அந்த அச்சுதான். வாழ்க்கை கிழக்கு மேற்காகவும் நடக்கிறது. மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்கும், திருநீர்மலையிலிருந்து பல்லாவரத்துக்கும், முடிச்சூரிலிருந்து தாம்பரம் நிலையத்துக்கும் சிற்றுந்தும் பேருந்தும் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பது கும்டாவின் திட்டத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

மூன்று. மூன்றாவது முழுமைத் திட்டத்தில் டெப்போ, பேருந்து நிறுத்தம், நடைபாதை ஆகியவற்றுக்கு நிலம் குறித்து ஒதுக்கட்டும். சாலை அகலமாக்கும் கோடு ஏழையின் குடிசை மேலேயே விழக் கூடாது. ஏரியின் மேல், ஓடையின் மேல் விழவே கூடாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்துவிட்டு யாரும் கோடு போட வேண்டாம்.

நான்கு. தென் புறநகரில் வசூலாகும் உள்கட்டமைப்புக் கட்டணத்திலும் கூடுதல் தளப்பரப்புப் பிரீமியத்திலும் எவ்வளவு, எந்த வார்டில், எதற்குச் செலவானது என்ற கணக்கு வேண்டும். அதில் ஒரு நிலையான பங்கு உள்ளூர்ப் போக்குவரத்துக்கு வேண்டும்.

ஐந்து. புதுப் பேருந்து வரும்போது ஓட்டுநர் வேலை ஒப்பந்தத்துக்குப் போவதை ஏற்க முடியாது. பயணியின் வசதியும் தொழிலாளியின் நிரந்தர வேலையும் ஒன்றோடொன்று மோதும் என்று நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள். பிரிய மாட்டோம்.

உடனே செய்ய வேண்டியவை

"திட்டம் போடுவது என்ஜினீயர் வேலை, நமக்கென்ன தெரியும்" என்று பின்வாங்காதீர்கள். 1996-இல் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. கிராமத்து மக்கள் கூடி உட்கார்ந்து தம் ஊரின் அறிக்கையைத் தாமே எழுதினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? எந்த வளைவில் விளக்கு எரியாது, எந்த நிறுத்தத்தில் பேருந்து நிற்காமல் போகும், எந்தச் சுரங்கப்பாதையில் முதல் மழைக்கே தண்ணீர் நிற்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

70 வார்டுக்கும் 70 குழு. ஒவ்வொரு குழுவிலும் பெண்கள் பாதி, ஒரு பேருந்துத் தொழிலாளி, ஒரு ஆட்டோத் தோழர், ஒரு மாணவர், ஒரு மாற்றுத்திறனாளி. ஒரு வாரம் நிறுத்தத்தில் நின்று, எந்தப் பேருந்து எப்போது வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடந்து, உடைந்த இடம், இருட்டான இடம், சக்கர நாற்காலி நின்றுபோகும் இடம் ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். சாலை யாருடையது, மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேட்டுத் தகவல் உரிமை மனுப் போடுங்கள். பொறுப்பை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடும் விளையாட்டு அந்தப் பதிலோடு முடியும்.

அந்த வார்டு அறிக்கையைப் பகுதி சபைக்குக் கொண்டுபோங்கள். 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று முதல்வரே நம் மாநகராட்சியின் பம்மல் சபையில் வந்து உட்கார்ந்தார். ஆக, சபை என்பது விளையாட்டல்ல என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. கூட்டம் நடக்கவில்லை என்றால் கூட்டச் சொல்லிக் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். நடந்தால் கூட்டமாகப் போங்கள்; உங்கள் அறிக்கை தீர்மானமாக நடவடிக்கைக் குறிப்பில் ஏறும் வரை எழுந்து வராதீர்கள்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும் நாளில் நாம் தயாராக இருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தருகிறது. இரண்டு மாதம் என்பது சங்கத்துக்குச் சங்கம் தகவல் போய்ச் சேர்வதற்கே கரைந்துவிடும். எனவே வரைவு வந்த பிறகு வேலையைத் தொடங்க முடியாது. 70 வார்டு அறிக்கைகளும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வரைவு வந்த வாரத்திலேயே சி.எம்.டி.ஏ. மேசையிலும் கும்டா மேசையிலும் மாநகராட்சி ஆணையர் மேசையிலும் ஒரே நேரத்தில் போய் விழ வேண்டும்.

கட்சி பார்க்காதீர்கள். கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று தண்டவாளத்தை வைத்துப் பிரியாதீர்கள். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்று பிரியாதீர்கள். நாம் பிரிந்தால், பதில் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் லாபம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் பத்துப் பேரைக் கூட்டுங்கள். ஒரு நோட்டு, ஒரு வரைபடம், ஒரு பொறுப்பாளர். அடுத்த ஞாயிறு பக்கத்து வார்டுக்குப் போய் அவர்களையும் இழுத்து வாருங்கள். திட்டத்தில் நம் தெரு ஏறட்டும், பட்ஜெட்டில் நம் பங்கு ஏறட்டும், பேருந்தில் நம் மக்கள் ஏறட்டும்.

எழுதுவோம்! எண்ணி எடுத்துக்காட்டுவோம்! கேட்டுப் பெறுவோம்!

புறப்படுங்கள், தோழர்களே!